வீடு வாங்கப் போறீங்களா? பத்திரத்தைப் பார்த்தது போதும், கட்டடத்தையும் ஒருமுறை பரிசோதிங்க

வீடு வாங்குவது பற்றி ஒரு டாக்டர் ஏன் பேசணும்னு தோணலாம். காரணம் இருக்கு. கொஞ்சம் நீளமான பதிவு. வீடு வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள் பொறுமையாகப் படிங்க. இப்போ வாங்கும் எண்ணம் இல்லாதவர்கள் சேமித்து வச்சுக்கோங்க.

1

நம் ஊரில் வீடு வாங்கும்போது எதையெல்லாம் பார்க்கிறோம்?

மூலப்பத்திரம் பார்க்கிறோம். 30 வருஷத்துக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிறோம். பட்டா யார் பெயரில் இருக்குன்னு பார்க்கிறோம். வக்கீலிடம் கொடுத்து லீகல் ஒப்பீனியன் வாங்குகிறோம். வாஸ்து பார்க்கிறவரைக் காரில் அழைத்துப்போய் வாசப்படியும் சமையல்கட்டும் சரியான மூலையில் இருக்கான்னு கேட்கிறோம்.

இதெல்லாம் வேண்டாம்னு நான் சொல்லவில்லை.

ஆனால் அந்தக் கட்டடம் எப்படி இருக்கு? தூணுக்குள் கம்பி துருப்பிடித்திருக்கா? மொட்டை மாடியில் தண்ணீர் இறங்குதா? எர்த் ஒழுங்கா இருக்கா? கிணற்றுத் தண்ணீர் குடிக்கிற தரத்தில் இருக்கா?

இதைப் பார்க்க யாரையாவது அழைத்துப் போகிறோமா? பெரும்பாலானோர் இல்லை. மாமா ஒருத்தர் சுவரில் ரெண்டு தட்டு தட்டி "நல்ல ஸ்ட்ராங்கான வீடு மாப்ள" என்பார். அதோடு சரி.

50 லட்சம் மதிப்புக்கு ஒரு வீட்டைப் பத்திரம் போட்டால் முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். இதுவே நாலரை லட்சம். புரோக்கர் கமிஷன் தனி. இவ்வளவு கொடுக்கிற நாம், ஒரு சிவில் இன்ஜினியருக்கும் ஒரு லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீசியனுக்கும் சில ஆயிரங்கள் கொடுத்து வீட்டைப் பரிசோதிக்க யோசிக்கிறோம்.

என் கருத்து ஒன்றுதான். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன், நீங்களே பணம் கொடுத்து நியமித்த ஒருவர் அந்தக் கட்டடத்தைப் பரிசோதித்து எழுத்தில் அறிக்கை தர வேண்டும். அது இல்லாமல் வீடு வாங்கக் கூடாது.

2

"அதான் பேங்க்ல இன்ஜினியர் வந்து பார்த்துட்டுப் போனாரே சார்?"

நிறையப் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள்.

வங்கி அனுப்புகிற மதிப்பீட்டாளரின் வேலை வேறு. நீங்கள் கடனைக் கட்டாமல் போனால் அந்த வீட்டை விற்று வங்கி தன் பணத்தை எடுக்க முடியுமா என்பதுதான் அவர் பார்க்கிற விஷயம். அளவு, இடம், சந்தை விலை, அப்ரூவல் பிளானோடு ஒத்துப்போகுதா, இவ்வளவுதான். உங்கள் பாத்ரூம் குழாய் பக்கத்துச் சுவரில் கசியுதா என்பது வங்கிக்குத் தேவையில்லாத கேள்வி.

வக்கீல் பார்ப்பது காகிதத்தை. அவர் வீட்டுக்கே வருவதில்லை.

பில்டரின் இன்ஜினியர் பில்டரிடம் சம்பளம் வாங்குகிறவர். விற்கிறவரைக் கேட்டால் "ஒரு பிரச்னையும் இல்லை" என்றுதான் சொல்வார். புரோக்கருக்குப் பத்திரம் முடிந்தால்தான் பணம்.

ஆக, இந்த மொத்த வியாபாரத்தில் உங்களுக்காக மட்டும் கட்டடத்தைப் பார்க்கிறவர் ஒருத்தர்கூட இல்லை. அவரை நீங்கள்தான் ஏற்பாடு செய்யணும்.

3

சட்டம் காப்பாற்றாதா? கொஞ்சம் காப்பாற்றும். முழுசா இல்லை.

1882-ஆம் ஆண்டு சொத்துரிமை மாற்றுச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கு. அதன் 55-வது பிரிவு, தனக்குத் தெரிந்த முக்கியமான குறையை விற்பவர் வாங்குபவரிடம் சொல்ல வேண்டும் என்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை இருக்கு. சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் வாங்குபவரே கண்டுபிடித்திருக்கக்கூடிய குறைக்கு இது பொருந்தாது.

அதாவது சீலிங்கில் பச்சையாகத் தெரிந்த விரிசலை நீங்கள் நிமிர்ந்து பார்க்காமல் விட்டால் அது உங்கள் பாடு.

புது பிளாட் வாங்குபவர்களுக்கு 2016-ஆம் ஆண்டு ரெரா சட்டம் நல்ல பாதுகாப்பு தருது. அதன் 14-வது பிரிவுப்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டுமானத்திலோ வேலைத் தரத்திலோ குறை தெரியவந்து நீங்கள் அதைத் தெரிவித்தால், பில்டர் 30 நாட்களுக்குள் காசு வாங்காமல் சரிசெய்து தர வேண்டும். செய்யாவிட்டால் இழப்பீடு கேட்கலாம்.

ரெண்டு விஷயம் கவனிங்க.

ஒன்று, 500 சதுர மீட்டருக்கு மேல் நிலம் அல்லது 8 வீடுகளுக்கு மேல் உள்ள திட்டங்கள்தான் ரெராவில் கட்டாயம் பதிவாக வேண்டும். நம் ஊரில் ஒரு கிரவுண்டில் நாலு வீடு கட்டி விற்கிற பில்டர்கள்தான் அதிகம். அவர்கள் இதற்குள் வரமாட்டார்கள்.

ரெண்டு, குறையைத் தேதியோடு எழுத்தில் தெரிவிக்கணும். போனில் "பார்த்துக்கலாம் சார்" என்று சொன்னதெல்லாம் கணக்கில் வராது. புது பிளாட்டில் இருப்பவர்கள் நாலாவது வருஷம் முடிவதற்குள் ஒரு இன்ஜினியரை வைத்து முழு வீட்டையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்க. பலர் இதைச் செய்யாமல் அஞ்சு வருஷத்தைத் தாண்டவிட்டுத்தான் சுவர் ஓதம் அடிக்குதுன்னு புலம்புகிறார்கள்.

4

சரி, டாக்டருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

அரசு மருத்துவமனையில் நாங்கள் பார்க்கிற நோயும் விபத்தும் எல்லாம் ரோட்டிலிருந்து வருவதில்லை. நிறைய வீட்டுக்குள்ளிருந்துதான் வருது. அதில் கணிசமானவை வீடு வாங்கும் முன்பே கண்டுபிடித்திருக்கக் கூடியவை. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் கரன்ட்.

ஈரக்கையோடு வாட்டர் ஹீட்டரைத் தொட்டவர், மோட்டார் சுவிட்சைப் போட்டவர், துணி காயப்போட்ட கம்பியில் கரன்ட் பாய்ந்தவர் என்று மழைக்காலம் வந்தாலே கேஸ் வரும். சிலரை உயிரோடு கொண்டுவருவதே இல்லை.

உடம்பில் 10 முதல் 15 மில்லி ஆம்பியர் கரன்ட் பாய்ந்தாலே கைத்தசை இறுகிப் பிடித்துக்கொள்ளும். விட நினைத்தாலும் விட முடியாது. அதற்குமேல் சில மடங்கு கூடினால் இதயத்துடிப்பு தாறுமாறாகி நின்றுவிடும். தோல் ஈரமாக இருந்தால் உடம்பின் மின்தடை குறைவு, அதனால் ஆபத்து அதிகம்.

டிபி பாக்ஸில் எம்.சி.பி. இருக்கு, அது போதும்னு நினைக்காதீங்க. எம்.சி.பி. காப்பாற்றுவது வயரை. அது 6 ஆம்பியர், 16 ஆம்பியர் என்ற கணக்கில் விழும். உங்களைக் கொல்ல அதில் நூறில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. மனிதனைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி. என்ற கருவி. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கண்ணிமைக்கும் நேரத்தில் கரன்ட்டை நிறுத்திவிடும். அதில் "டெஸ்ட்" என்று ஒரு பட்டன் இருக்கும். அமுக்கினால் உடனே விழணும். விழாவிட்டால் அது இருந்தும் இல்லாத மாதிரிதான்.

நீங்கள் பார்க்கிற வீட்டில் இது இருக்கா? மூணு ஓட்டை பிளக் இருக்குங்கறதுக்காக எர்த் இருக்குன்னு அர்த்தம் இல்லை. பழைய வீடுகளில் மூணாவது ஓட்டைக்குப் பின்னால் வயரே இருக்காது. எலக்ட்ரீசியன் மீட்டர் வைத்துப் பார்த்தால் பத்து நிமிஷத்தில் சொல்லிவிடுவார்.

5

அடுத்தது ஓதம்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் குழந்தைகள் வார்டில் இளைப்பு கேஸ் கூடும். சளி பிடித்து இளைப்பு வருவதுதான் அதிகம். ஆனால் சில குழந்தைகள் திரும்பத் திரும்ப வருவார்கள். அம்மாவிடம் மெதுவா விசாரித்தால், "படுக்கிற ரூம்ல சுவர் எப்பவும் ஈரமாத்தான் சார் இருக்கும், கருப்பா பூஞ்சை பிடிக்கும், பெயின்ட் அடிச்சாலும் திரும்ப வருது" என்பார்.

ஓதமும் பூஞ்சையும் உள்ள வீட்டில் வசிப்பவர்களுக்கு ஆஸ்துமாவும் மூச்சுத் தொந்தரவுகளும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே தனி வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டிருக்கு. நான் இன்ஹேலர் எழுதித் தரலாம். அந்தச் சுவருக்கு மருந்து என்னிடம் இல்லை.

ஓதம் எங்கே இருக்கு என்பதை வைத்தே ஓரளவு காரணம் சொல்லலாம்.

தரையிலிருந்து ரெண்டு மூணு அடி வரை பெயின்ட் பொரிந்து, வெள்ளையா உப்புப் பூத்திருந்தால் ஈரம் நிலத்திலிருந்து ஏறுது. அஸ்திவாரத்துக்கு மேல் ஈரத்தடுப்பு சரியா போடவில்லை. சரிசெய்வது கஷ்டம், செலவும் அதிகம்.

சீலிங் நடுவில் வட்டமாகக் கறை இருந்தால் மொட்டை மாடியிலிருந்து இறங்குது. அல்லது மேல் வீட்டு பாத்ரூம்.

பாத்ரூமை ஒட்டிய பெட்ரூம் சுவரில் மட்டும் இருந்தால் குழாய்க் கசிவு.

விற்பனைக்கு வந்த வீட்டில் ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புதுசா பட்டி பார்த்து பெயின்ட் அடித்திருந்தாலோ, ஒரு சுவரை மட்டும் பிளாஸ்டிக் பேனல் வைத்து மறைத்திருந்தாலோ, அங்கே கட்டாயம் கேள்வி கேளுங்க. பீரோவை நகர்த்திப் பார்க்கச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை.

பெயின்ட் பற்றி இன்னொன்று. பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.க்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமல் பெயின்ட் கதவு, ஜன்னல், கிரில்லில் இருக்கலாம். பழைய வீடு வாங்கி, கர்ப்பிணியோ கைக்குழந்தையோ அங்கே இருக்கும்போது அதைக் காய்ந்த நிலையில் சுரண்டித் தேய்க்காதீங்க. அந்தத் தூசியில் உள்ள ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்.

6

மூணாவது தண்ணீரும் கழிவுநீரும்.

"போர்ல 80 அடியிலேயே தண்ணி சார்" என்பது விளம்பரம். அது என்ன தண்ணி என்பதுதான் கேள்வி.

ஒரு பாட்டிலில் பிடித்துக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிக் கொடுத்தால் பரிசோதித்துத் தருவார்கள். இந்தியத் தரநிலைப்படி கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2000 வரை அனுமதி. ஃபுளோரைடு 1.5-க்கு மேல் போகக் கூடாது. நைட்ரேட் 45-க்கு மேல் கூடாது. கோலிஃபார்ம் கிருமி இருக்கவே கூடாது.

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஃபுளோரைடு எவ்வளவு பெரிய பிரச்னை என்பது அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான்.

கவனிங்க, தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமிதான் சாகும். ஃபுளோரைடும் நைட்ரேட்டும் அப்படியே இருக்கும். நைட்ரேட் அதிகமுள்ள தண்ணீரில் பால் பவுடர் கலந்து கொடுத்தால் கைக்குழந்தைக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறாமல் உடம்பு நீலம் பாரிக்கலாம்.

போர் எங்கே, செப்டிக் டேங்க் எங்கே என்று கேளுங்க. பக்கத்து வீட்டு செப்டிக் டேங்க்கையும் சேர்த்துக் கேளுங்க. கழிவுநீர் மண்ணுக்குள் ஊறி இறங்கும் குழி, குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டராவது தள்ளி இருக்கணும். ஒரு கிரவுண்டுக்குள் வீடு, போர், செப்டிக் டேங்க் மூணும் இருந்தால் இது பெரும்பாலும் சாத்தியமே இல்லை. அப்போ அந்தத் தண்ணீரைக் குடிக்கப் பயன்படுத்தக் கூடாது என்ற தெளிவோடு வாங்குங்க.

ஒரு எச்சரிக்கை. சோதிக்கிறேன் என்று செப்டிக் டேங்க் மூடியைத் திறந்து தலையை விடாதீங்க. யாரையும் உள்ளே இறக்கவே இறக்காதீங்க. ரொம்ப நாள் மூடிக் கிடந்த சம்ப்புக்கும் இது பொருந்தும். விஷவாயு தாக்கி விழுந்தவரைக் காப்பாற்ற இறங்கிய இரண்டாவது ஆளும் மூன்றாவது ஆளும் இறந்த செய்திகளை எத்தனை முறை படித்திருக்கிறோம்?

7

நாலாவது, விழுவது.

வயதானவர்கள் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து வருவது எங்களுக்குத் தினசரிக் கதை. எலும்பு முறிவோடு முடிவதில்லை. படுக்கையில் கிடப்பதால் படுக்கைப்புண், நிமோனியா, காலில் ரத்தக்கட்டு என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். நடந்து வந்து போன மனிதர் சில மாதத்தில் இல்லாமல் போவதைப் பார்த்திருக்கிறேன்.

அதனால் வீடு பார்க்கப் போகும்போது உங்கள் அப்பா அம்மாவைக் கூட்டிப் போங்க. படி ஏறச் சொல்லுங்க. ஒரு படியின் உயரம் 19 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. கால் வைக்கும் அகலம் 25 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. எல்லாப் படியும் ஒரே உயரமாக இருக்கணும். ஒரு படி மட்டும் உயரம் மாறினால் அங்கேதான் தடுக்கும்.

பாத்ரூம் தரையில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றி வெறுங்காலில் மெதுவா வழுக்குதான்னு பாருங்க. ஊற்றிய தண்ணீர் தானா ஓட்டைக்குப் போகுதா, வாசல் பக்கம் திரும்பி வருதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் ஒரு மீட்டராவது இருக்கணும். பால்கனி கம்பி இடைவெளி 4 அங்குலத்துக்கு மேல் இருந்தால் சின்னக் குழந்தை நுழைந்துவிடும். படுக்கைவாட்டில் கம்பி போட்டிருந்தால் அது குழந்தைக்கு ஏணி.

பாத்ரூமுக்குள் கேஸ் கீசர் வைத்திருந்தால் முதல் வேலையாக அதை வெளியே மாற்றுங்க. காற்றோட்டம் இல்லாத பாத்ரூமில் அது எரியும்போது கார்பன் மோனாக்சைடு சேரும். அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது. குளிக்கப் போனவர் மயங்கி விழுவார், வெளியே இருப்பவருக்குத் தெரியாது.

8

இனி கட்டடத்தின் எலும்புக்கூடு. நான் இன்ஜினியர் இல்லை. ஆனால் இதன் அடிப்படை எல்லாருக்கும் புரியக் கூடியதுதான்.

கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடிக்காமல் இருக்கக் காரணம் கான்கிரீட்டின் காரத்தன்மை. உப்புத் தண்ணீரிலோ கடல் மணலிலோ கலவை போட்டிருந்தால் அதிலுள்ள குளோரைடு அந்தப் பாதுகாப்பை உடைத்துவிடும். கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். உள்ளேயிருந்து தள்ளும். கான்கிரீட் வெடித்துப் பாளம் பாளமாக விழும்.

தூணிலோ பீமிலோ கம்பியின் போக்கிலேயே நீளவாக்கில் விரிசல் இருந்தால், பழுப்பு நிறக் கறை வழிந்திருந்தால், இதுதான் நடக்குது. பூச்சில் தெரியும் முடி மாதிரி விரிசல் வேறு, இது வேறு. சுவரும் தூணும் சேரும் இடத்தில் வரும் மெல்லிய கோடும் பெரும்பாலும் பயப்படும்படியானது இல்லை. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் படிக்கட்டு மாதிரி ஏறும் அகலமான விரிசல் அஸ்திவாரம் இறங்கியதன் அடையாளமாக இருக்கலாம். எது எந்த வகை என்பதை அனுபவமுள்ள ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்தான் சொல்லணும்.

புதுக் கட்டடம் என்பதால் அலட்சியம் வேண்டாம். 2022 பிப்ரவரியில் ஹரியானா மாநிலம் குருகிராமில், மக்கள் குடியேறிச் சில வருஷமே ஆன ஒரு பல மாடிக் குடியிருப்பில், ஆறாவது மாடி வீட்டின் தளம் இடிந்து கீழ்வீடுகள் வழியாகச் சரிந்தது. இரண்டு பெண்கள் இறந்தார்கள். பிறகு டெல்லி ஐ.ஐ.டி. பரிசோதித்தபோது கான்கிரீட்டில் குளோரைடு அதிகமிருந்தது தெரியவந்தது. நம் சென்னையிலேயே 2021-ல் புளியந்தோப்பு கே.பி. பூங்கா குடியிருப்பில் கையால் தொட்டாலே பூச்சு உதிர்ந்ததை எல்லாரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். அதன் பிறகுதான் ஐ.ஐ.டி. குழு ஆய்வுக்கு வந்தது.

ரெண்டு இடத்திலும் ஆய்வு, மக்கள் குடியேறிய பிறகு வந்தது. அது முன்னாடியே வரணும் என்றுதான் சொல்கிறேன்.

9

இன்ஜினியரை அழைத்தால் என்ன செய்யச் சொல்லணும்?

முதலில் கண்ணால் பார்ப்பார், தட்டிப் பார்ப்பார். நாங்கள் நெஞ்சில் விரலால் தட்டி நுரையீரலில் நீர் இருக்கான்னு பார்ப்பது மாதிரிதான். டைல்ஸோ பூச்சோ உள்ளே பிடிப்பில்லாமல் இருந்தால் சத்தம் மாறும்.

ஈரமானியைச் சுவரில் வைத்து ஈரம் அளப்பார். சந்தேகம் இருந்தால் ரீபவுண்ட் ஹேமர் என்ற கருவியால் கான்கிரீட்டின் மேற்பரப்பு உறுதியையும், அல்ட்ராசவுண்ட் அலையை அனுப்பி உள்ளே வெற்றிடம், விரிசல் இருக்கா என்பதையும் பார்க்கலாம். கட்டடத்துக்கும் ஸ்கேன் உண்டு. ஃபீனால்ஃப்தலீன் தடவினால் காரத்தன்மை உள்ள கான்கிரீட் இளஞ்சிவப்பாக மாறும். நிறம் மாறாத இடத்தில் கம்பிக்குப் பாதுகாப்பு போய்விட்டது என்று அர்த்தம். பத்தாம் வகுப்பு லேப் நினைவுக்கு வருதா?

எல்லா வீட்டுக்கும் எல்லாச் சோதனையும் தேவையில்லை. தலைவலி என்று வந்த எல்லாருக்கும் நாங்கள் ஸ்கேன் எடுப்பதில்லை. முதல் பார்வையில் சந்தேகம் வந்தால் மட்டும் அடுத்த படி.

அறிக்கை கட்டாயம் எழுத்தில், போட்டோவோடு, கையெழுத்தோடு வேண்டும். அதில் மூணு பட்டியல் கேளுங்க. உடனே சரிசெய்ய வேண்டியவை, ஒரு வருஷத்துக்குள் செய்ய வேண்டியவை, பயமில்லாதவை. ஒவ்வொன்றுக்கும் உத்தேசச் செலவு எழுதச் சொல்லுங்க. புரோக்கரோ விற்பவரோ சொல்லும் இன்ஜினியர் வேண்டாம். ரிப்பேர் கான்ட்ராக்டும் அவரே எடுப்பதாகச் சொன்னால் அவரும் வேண்டாம்.

10

எப்போது செய்வது? அட்வான்ஸுக்கு முன்.

"அட்வான்ஸ் போடாம இன்ஜினியரை விட மாட்டேங்கறாங்க" என்றால், சின்ன டோக்கன் தொகையோடு ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்க: "வாங்குபவர் தன் செலவில் நியமிக்கும் பொறியாளர் 15 நாட்களுக்குள் தரும் அறிக்கையில் பெரிய குறைபாடு இருந்தால், வாங்குபவர் விலகிக்கொள்ளலாம், முன்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும்." சரியான வாசகத்தை உங்கள் வக்கீல் எழுதித் தருவார். அமெரிக்காவில் வீடு வாங்குகிற ஒப்பந்தங்களில் இப்படி ஒரு நிபந்தனை வைப்பது சாதாரண வழக்கம். நாம் வைத்தாலும் சட்டப்படி எந்தத் தடையும் இல்லை.

ரெரா திட்டங்களில் இன்னும் வசதி. பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் மொத்த விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கவே கூடாது.

அறிக்கையில் குறை இருந்தால் வீட்டை வாங்கக் கூடாது என்றில்லை. எந்தப் பழைய வீட்டிலும் குறை இருக்கும். வயரிங் மாற்ற இவ்வளவு, மொட்டை மாடி வேலைக்கு இவ்வளவு என்று கையில் கணக்கு இருந்தால் விலை பேச உங்களுக்கு ஒரு பிடி கிடைக்கும். பல நேரம் இன்ஜினியருக்குக் கொடுத்ததைவிடப் பல மடங்கு விலையில் குறையும்.

"நான் தயங்கினா அடுத்த ஆள் வாங்கிட்டுப் போயிடுவாரே?"

போகட்டும். மழை பெய்த மறுநாள் வந்து பார்க்கவும் இன்ஜினியரை உள்ளே விடவும் ஒருவர் மறுக்கிறார் என்றால், அதுவே அந்த வீட்டைப் பற்றிய ஒரு அறிக்கைதான்.

11

இன்ஜினியருக்கு முன், நீங்களே ஒரு மணி நேரத்தில் செய்யக் கூடியவை:

• ஒருமுறை பகலில், ஒருமுறை மழை பெய்த பிறகு பாருங்க. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீடு பார்க்க நல்ல காலம்.

• எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டு ஃப்ளஷ் அமுக்குங்க. தண்ணீர் குறையுதா, கழிவு தேங்குதா பாருங்க.

• எல்லாச் சுவிட்சையும் போட்டுப் பாருங்க. ஆர்.சி.சி.பி. டெஸ்ட் பட்டனை அமுக்குங்க.

• மொட்டை மாடிக்குக் கட்டாயம் ஏறுங்க. தண்ணீர் தேங்கின அடையாளம் இருக்கா, தொட்டிக்கும் சம்ப்புக்கும் இறுக்கமான மூடி இருக்கா பாருங்க. மூடியில்லாத தொட்டி டெங்குக் கொசுவுக்கு வீடு.

• ஜன்னல், கதவு எல்லாவற்றையும் திறந்து மூடுங்க. ஒன்று ரெண்டு இடித்தால் மரவேலை. எல்லாமே இடித்தால் கட்டடம் இறங்கியிருக்கலாம்.

• எதிர்வீட்டு அம்மாவிடமும் தெருமுனைப் பெட்டிக்கடைக்காரரிடமும் பேசுங்க. "மழைக்குத் தண்ணி எதுவரைக்கும் வரும்ணே?" என்று கேளுங்க. சென்னை என்றால் 2015 டிசம்பரில் எதுவரை வந்ததுன்னு குறிப்பிட்டே கேளுங்க. எந்தப் பத்திரத்திலும் இல்லாத தகவல் அங்கே கிடைக்கும்.

12

கடைசியா ஒன்று.

வீட்டுக்கடன் என்பது 20 வருஷம். அந்த 20 வருஷமும் சம்பளத்தில் பாதி அதற்குப் போகும். அதற்கு மேல் ரிப்பேர் செலவு வந்து சேரும்போது முதலில் எதைக் குறைக்கிறார்கள் தெரியுமா? தன் மருந்தை. "சுகர் மாத்திரை ரெண்டு மாசமா வாங்கல சார், வீட்டு வேலை ஓடிட்டிருக்கு" என்று சொல்பவர்களை வெளிநோயாளிகள் பிரிவில் பார்க்கிறேன். வந்தபோது காலில் புண். அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசமாகக் கிடைக்கும், தயவுசெய்து யாரும் நிறுத்தாதீங்க. அது தனிக் கதை.

பழைய வாகனம் வாங்கப் போனால்கூட மெக்கானிக்கைக் கூட்டிப் போகிறோம். வாழ்நாள் சம்பாத்தியத்தைப் போடுகிற வீட்டுக்கு அதையாவது செய்யலாமே?

அரசும் இதில் ஒரு வேலை செய்யலாம். பத்திரப் பதிவுக்கு எத்தனையோ காகிதம் கேட்கிறார்கள். குடியிருக்கும் வீட்டுக்குச் சுயேச்சையான பொறியாளரின் ஆய்வு அறிக்கையும், குறைந்தபட்சம் மின்பாதுகாப்புச் சான்றும் கேட்கலாம். இதற்கென உரிமம் பெற்ற ஆய்வாளர்களை உருவாக்கினால் படித்துவிட்டு வேலை தேடும் எத்தனையோ சிவில் இன்ஜினியர்களுக்கும் வழி பிறக்கும். அது வரும்வரை நம் பாதுகாப்பு நம் கையில்.

ஏற்கனவே வாங்கிக் குடியிருப்பவர்களும் வருத்தப்பட வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை டிபி பாக்ஸைத் திறந்து ஆர்.சி.சி.பி. இருக்கான்னு பாருங்க. இல்லையென்றால் திங்கட்கிழமை எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்க. மற்றதெல்லாம் அப்புறம்.

வீடு பார்த்துக்கொண்டிருக்கும் நண்பர்கள், உறவினர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்கு இதைப் பகிருங்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் அவர்கள் கண்ணில் பட்டால் போதும்.